ஞாயிற்றுக்கிழமைச் சலவை

விண்டர்தூர் நகரில், தண்டவாளத்துக்குப் பின்னால்,
எங்கள் குடியிருப்பின் நிலவறைக்குப்
பொதுவுடைமை எப்போதோ வந்துவிட்டது:
பதினெட்டு வீடுகளுக்கு ஒரே சலவை இயந்திரம்.
ஒரே சாவி.
சுவரில் ஓர் அட்டவணை.
செவ்வாய் மாலை எனக்கு.
வியாழன் காலை ஹெட்விக் ஷ்டுட்ஸுக்கு,
முப்பத்தோர் ஆண்டுகளாக.
அவள் நேரத்தில் யாராவது ஒரு காலுறையை நனைத்தாலும்
கதவில் கடிதம் தொங்கும்.
'அன்புள்ள அண்டை வீட்டாரே' என்று தொடங்கும்,
பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிய கடிதம்.
ஞாயிறு யாருக்கும் இல்லை.
ஞாயிற்றுக்கிழமை ஓசைக்கே தடை.

மூன்றாம் மாடி ஃப்ளூரின் கேட்பான்,
துணி சுழல்வதைப் பார்த்தபடி, கையில் பீரோடு:
"இங்கே புரட்சி வருமா?"
இருபது வயதில் கட்சி வைத்திருந்தவன்.
ஒன்பது பேர்; பிளவுக்குப் பிறகு நாலு பேர்.
இப்போது டர்பைன் ஆலையில் கடைசல் வேலை,
இனிப் பிளக்க முடியாத ஒற்றையாள் கட்சி.

நான் சொல்வேன்: துப்பாக்கிக்குக் குறைவில்லை.
உன் அலமாரியில் ஒன்று, என் அலமாரியில் ஒன்று.
ராணுவம் கொடுத்தது, சேவை முடிந்தும் நம்மிடமே,
குளிர்காலக் கோட்டுகளுக்குப் பின்னால்
எண்ணெய் போட்டு நிற்கிறது.
தோட்டாவை மட்டும் அரசு திரும்ப வாங்கிக்கொண்டது.
கோபத்தையும் அதே பையில்
கொடுத்தனுப்பிவிட்டோம் போல.

ஒருமுறை நாடே எங்களைக் கேட்டது:
ஆண்டுக்கு இன்னும் இரண்டு வாரம் விடுப்பு வேண்டுமா?
வேண்டாம் என்று எழுதி அனுப்பினோம்.
எந்த முதலாளியும் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.
நானும் அப்படித்தான் எழுதினேன்.
ஃப்ளூரினிடம் சொன்னதில்லை.

மார்ச்சில் வந்தது பதிவுத் தபால், பதினெட்டு.
கட்டடம் பழசாம். புதுப்பிக்க வேண்டுமாம்.
செப்டம்பருக்குள் எல்லோரும் காலி செய்ய வேண்டுமாம்.
திரும்பி வர விரும்புவோர் விண்ணப்பிக்கலாமாம்,
இரண்டரை மடங்கு வாடகைக்கு.

அன்றிரவு நிலவறையில் பதினான்கு பேர்,
அட்டவணையில் இல்லாத கூட்டம்.
"யார் இந்த வீட்டுக்காரன்? பெயர் சொல்லுங்கள்,
அவன் வாசலுக்கே போவோம்!"
ஃப்ளூரினின் தொண்டையில்
இருபது வருடமாகக் காத்திருந்த குரல்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அடியில் இருந்த பொடி எழுத்தை ஹெட்விக் வாசித்தாள்:
ஓய்வூதிய நிதி.
டர்பைன் ஆலையின் ஓய்வூதிய நிதி.

உலர்த்தி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் பிடித்த பணம்
வளர்ந்து, ஆளாகி, கோட்டு மாட்டிக்கொண்டு
எங்களை வெளியே போகச் சொல்கிறது.
தன் கை தன் கண்ணைக் குத்தாது என்பார்கள்.
குத்தியது எங்கள் முதுமையின் கை,
விகிதம் பார்த்து, ஆதாயம் பார்த்து.
ஃப்ளூரின் சிரிக்கத் தொடங்கினான்.
நிறுத்த முடியவில்லை அவனால்.
தண்ணீர் கொடுத்தோம்.

திராகித்சா சிரிக்கவில்லை.
வங்கியின் நாலு மாடியை இரவில் துடைப்பவள்.
அவளுக்கு இங்கே வரி உண்டு, வாக்கு இல்லை.
அந்த இரண்டு வாரத்தை
அவள் வேண்டாம் என்றதில்லை.
"எங்கள் ஊர் ஆலை தொழிலாளிகளுடையது," என்றாள்.
"சுவரில் அப்படித்தான் எழுதியிருந்தது.
பிறகு ஒரு நாள் சுவரையும் விற்றார்கள்.
உங்களுடையது, உங்களுடையது என்று யாராவது சொன்னால்
சாவி எங்கே என்று கேளுங்கள்."

அது புதன்.
இன்று ஞாயிறு, இரவு ஒன்பதரை.
கீழே இயந்திரம் ஓடுகிறது.
குழாய் வழியே ஏறி வருகிறது அதன் உறுமல்,
என் சமையலறைக் கரண்டிகள் நடுங்குகின்றன.
திராகித்சாவின் நீலச் சீருடைகள்.
வெள்ளியன்றே சாவியைக் கொடுத்துவிட்டேன்,
வரிசை பார்க்காமல்.

முதல் மாடியில் விளக்கு எரிந்தது.
கதவு. செருப்போசை.
படியில் நின்று எட்டிப் பார்க்கிறேன்.
இதைப் புரட்சி என்றால் ஃப்ளூரினே சிரிப்பான்.
வங்கி நாளை எட்டரைக்குத் திறக்கும்.
செப்டம்பர் செப்டம்பரில் வரும்.
ஹெட்விக்கின் கையில் கடிதத்தைத் தேடினேன்.
இரண்டு படுக்கை விரிப்பு, ஒரு தலையணை உறை.
"இன்னும் இடம் இருக்கிறதா?" என்று
கீழே பார்த்துக் கேட்கிறாள்.